ஒன்பதாவது அட்டை

அத்தியாயம் 17

எட்டாவது அட்டையைக் கட்டில் ஓரத்தில் உலர வைத்துவிட்டுக் கலர் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். அட்டை காய்ந்துவிட்டது. அக்காவும் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்பதற்காகப் பெயின்ட் கடை திறக்கிற நேரம் மாறுமா என்ன?

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நாலு வரி. அக்காவின் இடது கெண்டைக்காலில் பல வருடமாகச் சும்மா கிடந்த மச்சம் இந்த வருடம் வளர ஆரம்பித்தது. தோல் டாக்டரம்மா ஓரத்தில் கடுகளவு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். தோல் புற்று என்று முடிவு வந்தது. அகலமாக வெட்டி எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். அக்கா தள்ளிப்போட்டாள். அவளுடைய கூடப்பிறந்தவள் ஒருத்தி வேறொரு வியாதிக்காக ஆபரேஷன் அறைக்குள் போனவள், திரும்பி வரவில்லை. அந்தக் கதவு பல வருடமாக அக்காவின் கனவில் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கொழுந்தன் கஞ்சா எண்ணெயோடு வந்து நின்றான்.

டேங்கர் லாரி ஓட்டுகிறவன். தெரிந்தவர்கள் எல்லாரும் டீசல் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த எண்ணெயைக் கடையில் வைத்து விற்கலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து, லாரிகள் நிற்கிற இடமெல்லாம் அதே பேச்சு. யாரோ ஒரு டிரைவரின் மாமாவுக்கு மூக்கில் இருந்த புண் எட்டே வாரத்தில் உதிர்ந்து விழுந்ததாம். கேட்டதும் டீசலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லீவு போட்டு, மூன்று பஸ் மாறி, பேர் வாங்கிய கடை ஒன்றைத் தேடிப் பிடித்து, சொட்டு மூடி போட்ட சின்னக் கறுப்பு பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். பதிமூன்று வயதில் தாயில்லாமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவன் அவன். அன்றிலிருந்து அவனுக்கு அண்ணிதான் எல்லாம்.

"ரெண்டு சொட்டு நாக்குக்கு அடியில, நாலு சொட்டு மச்சத்து மேல. கத்தி வேணாம், தையல் வேணாம். எனக்காக எட்டே எட்டு வாரம், அண்ணி" என்றான்.

அக்கா ஒப்புக்கொண்டாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஜாதியா அவள்? பெயின்ட் கடையில் இருபத்திரண்டு வருடமாக நிறம் கலக்கிறவள். சுவரிலிருந்து பெயர்ந்த சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால், அதே நிறத்தை டின்னில் கலந்து கையில் கொடுப்பாள். கலர் மெஷின் வந்த பிறகும், மெஷினால் முடியாத கேஸ் எல்லாம் அவளிடம்தான் வரும். அதனால் தன் காலுக்கும் அதையே செய்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் தோறும் குளியலறைக் கண்ணாடி முன் கட்டைப் பிரித்து, மச்சத்தின் நிறத்தைப் பெயின்ட்டில் கலந்து, உள்ளங்கை அகல வெள்ளை அட்டையில் தீற்றி, பின்பக்கம் தேதி எழுதினாள். இப்படியொரு நோயாளியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

எட்டு அட்டையையும் வரிசையாக வைத்தால், காப்பிக்கொட்டைக் கறுப்பில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சாம்பலில் வந்து நிற்கும். வெளுக்கிறது! டீசலுக்குத் தலைகால் புரியவில்லை. வாரா வாரம் அந்த வரிசையைப் படம் எடுத்து டிரைவர் குரூப்பில் போட்டான். அங்கிருந்து அது எங்கெங்கோ போயிற்று. முகம் தெரியாத மனிதர்கள் அவளை 'அட்டை போடுற அக்கா' என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த எட்டு வாரம் நேற்றோடு முடிந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று ரேஷன் வைத்துப் பேசுகிற மனுஷன்.

"இன்னைக்கு நாலு மணி" என்றார்.

"தெரியும்."

"அதுக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டா திங்கக்கிழமை ஆபரேஷன். இல்லன்னா அந்த இடத்த வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்க. அப்புறம் ஏழு வாரம்."

"வெளுத்துட்டு வருதுங்க. அட்டைய நீங்களும்தானே பாத்தீங்க? வெளுக்கறத எதுக்கு வெட்டணும்?"

அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் வரை போய், திரும்பி, "நாலு மணி" என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனார். ஐந்து வார்த்தை தாண்டிவிட்டாலே அவருக்குப் பயம் என்று அர்த்தம். அன்று அதற்கு மேலேயே பேசியிருந்தார்.

அக்காவுக்குப் பயம் இல்லையா? இருந்தது. ஆனால் அவள் தன் கண்ணை நம்பினாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கண் அவளைக் கவிழ்த்ததே இல்லை.

*

கடை திறந்து அரை மணி ஆகியிருக்காது. ஒரு மனிதர் டின்னைத் தூக்கிக்கொண்டு புயல் மாதிரி நுழைந்தார்.

"யாருங்க இத கலந்தது? ரெண்டு கோட் அடிச்சாச்சு. பழைய சுவரு ஒரு கலர், புதுச் சுவரு ஒரு கலர். என் வீட்டுக்காரி ஹாலுக்குள்ள கால வைக்க மாட்டேங்கறா!"

அக்கா டின்னில் ஒட்டியிருந்த சீட்டில் தேதியைப் பார்த்தாள். அவள் லீவில் இருந்த நாள். கலந்தது முதலாளி. கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி திடீரென்று தரையில் எதையோ தேட ஆரம்பித்தார். அவருக்குக் கடைதான் சொந்தம், கண் சொந்தமில்லை என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும்.

"கோவப்படாதீங்க சார். பழைய சுவரோட சில்லு இருக்கா?"

இருந்தது. அக்கா டின்னில் குச்சியை விட்டு ஒரு காகிதத்தில் தீற்றி, மின்விசிறியில் காயவைத்து, சில்லை அதன் மேல் வைத்துக் காட்டினாள். கடையின் உட்கோடியில், முதலாளி ஆசையாக மாட்டியிருந்த மஞ்சள் விளக்குக்குக் கீழே, இரண்டும் ஒட்டிப் பிறந்தது போல இருந்தன.

"பாத்தீங்களா மேடம்? இங்க சரியாத்தான் இருக்கு. இப்படித்தான் என்னை ஏமாத்துனாங்க!"

"இப்ப வாசலுக்கு வாங்க."

வாசற்படியில், வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், அக்கா காகிதத்தை நீட்டினாள். சில்லு சந்தன நிறம். காகிதத்தில் இருந்ததோ பாசி படிந்த மாதிரி ஒரு பச்சைச் சாயல். குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

"அட!" என்றார் அவர். கோபம் பாதியாகிவிட்டது.

"உள்ள ஒட்டும், வெளிய ஒட்டாது. மஞ்ச பல்பு பாதி நிறத்த முழுங்கிரும் சார். நீலம் இருந்தா சாம்பலாக் காட்டும். லேசா சிவப்போ மஞ்சளோ இருந்தா இருக்கறதே தெரியாது. அதனாலதான் நான் எப்பவும் சொல்றது, பகல் வெளிச்சத்துல பாக்காம எந்த நிறத்தையும்..."

அக்கா நிறுத்திவிட்டாள்.

ஆயிரம் வாடிக்கையாளரிடம் சொன்ன வாசகம் அது. தூக்கத்தில் எழுப்பினாலும் முழுதாகச் சொல்வாள். அன்று அந்த வாசகம் பாதியில் நின்றது.

"நம்பக் கூடாது, அதானே?" என்று அவரே முடித்துவைத்தார். "என்ன மேடம், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சார். பத்து நிமிஷத்துல புதுசா கலந்து தரேன்."

கலந்தும் கொடுத்தாள். துளி பிசகவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அவள் மனசு அட்டைகளை எண்ணிக்கொண்டே இருந்தது. எட்டு வாரம். எட்டு அட்டை. எட்டும் குளியலறையில், மஞ்சள் பல்புக்குக் கீழே.

ஏன் ஒரு தடவைகூடப் பகலில் பார்க்கவில்லை? காரணம் இருந்தது. 'வெளிச்சம் படாமல் வைக்கவும்' என்று பாட்டிலில் அச்சடித்திருந்தது. பாட்டிலுக்குச் சொன்னதை அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து காலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். எண்ணெய் போட்ட இடத்தில் பகல் வெளிச்சமே படக்கூடாது என்று நாள் முழுக்கத் துணி சுற்றி வைத்தார்கள். பிரிப்பது குளியலறையில் மட்டும். பக்தியோடு செய்த தப்பு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

*

மத்தியானம் டீசல் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தான். எட்டாவது அட்டையோடு முழு வரிசையையும் படம் எடுக்க வேண்டும், குரூப்பில் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அண்ணி, இன்னைக்கு நம்ம நாள்! அந்த டாக்டரம்மாவுக்கும் ஒரு படம் அனுப்பிருவோமா?"

"அட்டை என் பையில இருக்கு. எடுத்துட்டுப் பின்னாடி வா."

கடைக்குப் பின்னால் காலி டின்கள் அடுக்கிய முற்றம். மேலே மூடாத வானம். அக்கா கவிழ்த்துப்போட்ட ஒரு டின்மேல் உட்கார்ந்து, பேன்ட் காலை முழங்கால் வரை மடித்தாள். கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயையோ அண்ணி! வெளிச்சம் படக் கூடாது!"

"படட்டும் தம்பி. எட்டாவது அட்டைய மச்சத்துக்குப் பக்கத்துல புடி. கை ஆடாம புடி."

அவன் மண்டியிட்டு, அட்டையைக் காலோடு ஒட்டிப் பிடித்தான். அக்கா இடுப்பைத் திருப்பி எட்டிப் பார்த்தாள். அப்புறம் கைக்கண்ணாடியிலும் ஒரு தடவை பார்த்தாள்.

அட்டையில் இருந்தது சாம்பல். காலில் இருந்தது நீலம். அடிபட்டுக் கன்றிப்போன இடம் போல, உள்ளே இருந்து கசிகிற நீலம். நடுவில் மட்டும் ஒரு வெளுப்பு. ஓரத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பாக ஒரு வளையம். அதைக் குளியலறையில் அவள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. மச்சம் வெளுக்கவில்லை. வேறு நிறத்துக்கு மாறி, சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருந்தது.

"அடுத்தத புடி" என்றாள். "ஏழு... ஆறு..."

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தாள். கடையில் ஒரு வாடிக்கையாளரின் சில்லுக்கு எவ்வளவு பொறுமையோ அதே பொறுமை. கடைசியில் அட்டைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுகூட ஒட்டல, தம்பி."

டீசலுக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. "இல்ல அண்ணி, எண்ணெய் வேலை செய்யும்போது நிறம் மாறுமாம். கடையில சொன்னான்..."

"கடையில சொன்னவன் நிறம் கலக்கறவனா?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பத்துச் சக்கர வண்டியை மலைப்பாதையில் இறக்குகிறவன், குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நான்தான் அண்ணி... நான்தான் உங்க எட்டு வாரத்தத் தின்னுட்டேன்."

அக்கா அவன் தலையில் கை வைத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் அவன்மேல் கோபம் வரவில்லை; இல்லாத கோபத்தை எங்கிருந்து கொண்டுவருவாள்?

"இங்க பாரு. அந்த எண்ணெய் போட்ட ராத்திரியெல்லாம் நான் நல்லாத் தூங்கினேன். பல வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கதவு கனவுல வரல. அதுக்கு உனக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். தூக்கம் கொடுத்துச்சு. இதுக்கு மருந்தா இல்ல. அவ்வளவுதான் விஷயம். பாத்த கண்ணு என் கண்ணு, தப்பும் என் தப்பு. எழுந்திரு, வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"ஒன்பதாவது அட்டை."

அவள் சொல்லச் சொல்ல, கடைக்குள்ளிருந்து நீலம், கறுப்பு, வெள்ளை, ஒரு துளி சிவப்பு எல்லாம் எடுத்து வந்தான். ஒரு டின் மூடியில் போட்டு அக்கா கலந்தாள். தன் உயிரைத் தின்ன வந்திருக்கிற ஒன்றின் நிறத்தைத் தன் கையாலேயே கலப்பது என்றால் சாதாரணமா?  அவள் நீலத்தைப் பிடித்தாள். நடு வெளுப்பைப் பிடித்தாள். இதுவரை செய்யாததாக, அந்த இளஞ்சிவப்பு வளையத்தையும் அதன் அளவிலேயே வரைந்தாள். காய்ந்ததும் காலோடு வைத்துப் பார்த்தாள். காலில் இருந்தது போலவே அட்டையிலும் இருந்தது.

"இதப் படம் எடு. எடுத்துக் குரூப்புல போடு."

டீசல் தயங்கினான். இரண்டு மாதமாக அவன்தான் அங்கே ராஜா.

"எல்லாரும் காறித் துப்புவாங்க அண்ணி."

"துப்பட்டும். எட்டு போட்டவன் ஒன்பதாவதையும் போடணும்ல?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுத்தான். கீழே எழுதினான்: 'நான் போட்ட எட்டு படமும் தப்பு. பல்பு வெளிச்சத்துல பாத்துட்டோம். அண்ணிக்கு ஆறல, பரவுது. யாரும் இத நம்பி டாக்டரை விட்டுறாதீங்க.' ஒரு நிமிடம் அதையே பார்த்தான். அனுப்பிவிட்டான். செய்ததைத் தப்பு என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும். அந்த மனசு இவனிடம் இருந்தது.

ஏச்சு உடனே வர ஆரம்பித்தது. 'ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கறியா?' என்றான் ஒருவன். டீசல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வந்தவன் திடீரென்று பழைய செய்திகளைத் தேடி மேலே தள்ள ஆரம்பித்தான். அவன் முகம் மாறியது.

"அண்ணி... இங்க ஒருத்தங்க இருக்காங்க."

படத்தை எங்கோ பார்த்துக் குரூப்பில் வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் செய்தி, மூன்று வாரத்துக்கு முந்தையது. பெயருக்குப் பதில் ஒரு ரொட்டியின் படம். 'பேக்கரியில் வேலை செய்கிறேன். எனக்கும் மேல்கையில் இதே மச்சம், இதே நோய். உங்க அட்டையைப் பார்த்துத் தைரியம் வந்தது. ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டேன். நல்லா இருங்க அக்கா.' அதற்குக் கீழே டீசல் மூன்று பூப்படமும் ஒரு கும்பிடும் போட்டிருந்தான்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். 

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடு."

போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். அப்போதும் எடுக்கவில்லை. அக்கா தன் நம்பரைக் கொடுத்து, 'அட்டை போட்ட அக்கா நான்தான், தயவுசெய்து கூப்பிடும்மா' என்று அனுப்பச் சொன்னாள். மணி இரண்டே முக்கால்.

*

வீட்டுக்காரர் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தார். அக்கா போனில் சொன்னது ஒரே வரி: "ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க, கையெழுத்துப் போடப் போறேன்." மறுமுனையில் ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

அவள் டீசலோடு போய்ச் சேர்ந்தபோது, கிரீஸ் படிந்த சட்டையோடு அவர் அங்கே அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வரவேற்பில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அட, திங்கக்கிழமை சார்! கடைசியில கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"என்ன திங்கக்கிழமை?" என்றாள் அக்கா.

"உங்களுக்குத் தெரியாதாம்மா? எட்டு வாரமா, ஒவ்வொரு திங்கக்கிழமையும் கதவு திறக்கறதுக்கு முன்னால இங்க நிப்பாரு. 'என் வீட்டம்மா பேர அடிச்சுறாதீங்க, அவங்க வருவாங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. டாக்டரம்மா ரெண்டு தடவை பேரை எடுத்துட்டாங்க. ரெண்டு தடவையும் மறுபடி எழுத வச்சாரு."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதியை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீயா பாக்கணும்னு நெனச்சேன்" என்றார். "ஆனா இன்னைக்குக் காலையில எனக்கே பொறுமை போயிருச்சு" என்று சேர்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்கா கிரீஸைப் பொருட்படுத்தாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

*

டாக்டரம்மா விளக்கு வைத்த லென்ஸைக் காலில் பதித்து வெகுநேரம் பார்த்தார். நோய் பரவித் தொடை இடுக்கில் நெறி ஏதும் கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். திட்டுவார் என்று மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்கள்.

"நடுவுல வெளுக்கறது எப்பவும் ஆறுற அடையாளம் இல்லம்மா. சில சமயம், உடம்பு இதோட சண்டை போட்ட தடம். சண்டையில ஜெயிச்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்த எட்டு வாரத்துல எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு, எடுத்துப் பரிசோதிச்சாத்தான் சொல்ல முடியும். இப்போதைக்கு நெறி எதுவும் கைக்குத் தட்டுப்படல."

"எண்ணெய், டாக்டர்?" டீசலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தோல் புற்றை இது ஆத்தும்னு மனுஷங்ககிட்ட யாரும் நிரூபிக்கல, தம்பி. ஆய்வுக்கூடத்துல என்னென்னமோ செஞ்சு பாக்கறாங்க, அது வேற. தூக்கம் வந்துச்சுன்னு சொன்னா நான் சண்டைக்கு வரல. ஆனா இப்ப நிறுத்தணும். எவ்வளவு எடுத்தாங்கன்னு மயக்க டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லணும். கத்திக்குப் பதிலா இதுன்னு மட்டும் இனிமே யாருக்கும் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன் டாக்டர். சத்தியமா."

அக்கா ஒன்பது அட்டைகளையும் மேசைமேல் பரப்பினாள். "எட்டு தப்பு. ஒன்பதாவதுதான் சரி. வளையம் அளவு மாறாம போட்டிருக்கேன். உங்களுக்கு உபயோகப்படுமான்னு தெரியல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அட்டைகளைப் பார்த்தார். ஒன்பதாவதை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். திரும்பி வந்து, தன் குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் எட்டு வாரத்துக்கு முன் எழுதிய ஒரே வார்த்தை இருந்தது: பழுப்பு.

"இத்தனை வருஷத்துல நான் எழுதறது இவ்வளவுதான். இப்படி ஒரு பதிவ எந்த நோயாளியும் எனக்குக் கொண்டுவந்ததில்ல. தன் தப்பத் தானே கண்டுபிடிச்சு எடுத்துட்டு வந்தவங்களையும் நான் பாத்ததில்ல." ஒன்பதாவது அட்டையைக் கீழே வைக்காமலே கேட்டார். "இத என் பைல்ல வச்சுக்கலாமா?"

"வச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஆபரேஷன் அறையில கதவு மூடறப்போ நான் முழிச்சிருப்பேனா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மூடறப்போ நானும் உள்ளதான் இருப்பேன். உங்க கையப் புடிச்சுக்கறேன், போதுமா?"

அக்கா தலையை ஆட்டினாள். தாளில் கையெழுத்துப் போட்டாள். மணி நாலடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

*

வெளியே நடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். டீசல் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் வாயசைத்தான்: 'ரொட்டி'.

"அட்டை போடுற அக்காவா?" இளம் குரல். பின்னால் தட்டுகள் உரசும் சத்தம். "அக்கா, ஒன்பதாவதுன்னு ஒரு படம் வந்திருக்கே. யாரோ வேணும்னே போட்டிருக்காங்கன்னு இங்க சொல்றாங்க. பொய்தானே அக்கா?"

"பொய் இல்லம்மா. நான் போட்டதுதான். இப்பத்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து உட்காந்திருக்கேன்."

மறுமுனையில் தட்டு ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆனா எனக்கு நிஜமாவே வெளுத்திருக்கு அக்கா. நான் தினமும் பாக்கறேன்."

"எங்க நின்னு பாக்கற?"

"இங்கதான். அடுப்பு ரூம்ல."

"அங்க என்ன விளக்கு?"

அந்தப் பெண் யோசித்தாள். "மஞ்ச பல்பு, அக்கா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் அவள் தோளில் கை வைத்தார்.

"பயப்படாதம்மா. நானும் அப்படித்தான் பாத்தேன், எட்டு வாரம். நான் போனைக் கட் பண்ண மாட்டேன், உன்கூடவே இருக்கேன். அந்த ரூமுக்குப் பின்கதவு இருக்கா?"

"இருக்கு."

"திற. வெளிச்சத்துக்கு வந்து சட்டைக் கைய மடிச்சுப் பாரு. சாம்பலா இருக்கா, நீலமா இருக்கா, ஓரத்துல சிவப்பு வளையம் இருக்கான்னு பாத்துச் சொல்லு. எதுவா இருந்தாலும் நாளைக்கே உன் டாக்டர்கிட்ட போற. சரியா?"

 செருப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் இழுபட்டது. கனமான கதவு ஒன்று திறந்தது. தெருவில் போகிற வண்டிகளின் இரைச்சல் போனுக்குள் வந்து நிறைந்தது.

"பாத்தியாம்மா?" என்றாள் அக்கா. "என்ன நிறம்?"

வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்தப் பெண் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.